சரிண்ணா

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த கட்டடம் மலைப் பக்கமாகச் சாய்கிறது என்பதை முதலில் காட்டிக்கொடுத்தவை என் பேனாக்கள். மேஜை மேல் வைத்த பேனா தானாக உருண்டு பின்பக்கம் போய் விழும். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வருகிறவர்கள் என்னிடம்தான் எழுதி வாங்கிப் போவார்கள். அவர்கள்தான் ஆளுக்கொரு பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்து ஊரையே திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மெஷினை நகர்த்திப் பெருக்கியபோது பின்சுவர் ஓரமாக அத்தனையும் கிடந்தன.

அள்ளிக்கொண்டு வந்து கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பிக்காரனிடம் காட்டினேன். கட்டடம் அவனுடைய அண்ணனுக்குச் சொந்தம். அண்ணன் மஸ்கட்டில் இருந்தார். இங்கே கட்டுவது, வாடகை வாங்குவது, மோட்டார் போடுவது எல்லாம் இவன்தான். மாடியிலேயே பெண்டாட்டியோடு குடியிருந்தான். பேனா ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தான். உருண்டது. இன்னொன்றை வைத்தான். அதுவும் அதே பக்கம் உருண்டது.

"அண்ணன்கிட்ட சொல்லிடு தம்பி" என்றேன்.

"சரிக்கா" என்றான்.

சொல்லவில்லை. அவனுடைய 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

மீசை விஷயத்தைச் சொன்னால் உங்களுக்குச் சீக்கிரம் புரியும். நாற்பது வயது ஆள், சாதுவான முகம், அந்த முகத்துக்குச் சம்பந்தமே இல்லாத அடர்த்தியான மீசை. ஒருநாள் காலையில் மீசை இல்லாமல் வந்து நின்றான். எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை.

"இன்னாடா கோலம் இது?"

"சலூன்ல ஆள் புதுசுக்கா. எடுத்துடலாமாண்ணான்னு கேட்டான். சரின்னுட்டேன்."

"உனக்கு எடுக்கணும்னு இருந்துச்சா?"

"இல்லக்கா. அவன் ஆசையா கேட்டான்."

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வெறும் உதட்டைக் கையால் மூடிக்கொண்டு அவனும் கூடவே சிரித்தான். அவன் பெண்டாட்டி மட்டும் சிரிக்கவில்லை. "சிரிங்கக்கா, நல்லா சிரிங்க. நாளைக்கு எவனாவது வந்து உன் பொண்டாட்டியைக் குடுன்னு கேட்டாலும் சரின்னுவாரு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

கட்டட வேலை வருவதற்கு முன் அவன் ரமணாசிரமம் பக்கம் ஆட்டோ ஓட்டியவன். ஆட்டோவை விற்கவில்லை, வாசலிலேயே நிற்கும். அதன் முன்கண்ணாடியில் அண்ணாமலையார் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய்மரக் கப்பல் படம் ஒட்டியிருக்கும். கடலைக் காண வேண்டுமென்றால் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏற வேண்டிய ஊரில் இவனுக்கு எதற்குக் கப்பல்? யாராவது இப்படிக் கேட்டுவிட்டால் போதும். கேட்காவிட்டாலும் சொல்வான்.

குளிர் தேசத்திலிருந்து வந்து செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் அவன் ஆட்டோவில்தான் போவார், வருவார். அந்தக் கப்பல் அவர் ஊர்க் கப்பல். அவர் சொன்ன கதை. கதை என்று சொன்னால் மட்டும் அவனுக்குக் கோபம் வந்துவிடும்.

"கதை இல்லக்கா, நடந்தது. கப்பல் இன்னும் கீது அங்க. தண்ணியிலேர்ந்து தூக்கி மியூசியத்துல வச்சிருக்காங்க. சீட்டு வாங்கிக்கினு போய்ப் பாக்கறாங்க."

கப்பல் பெயர் அவன் வாயில் நுழையாது. 'நம்ம கப்பல்' என்பான். நானூறு வருஷத்துக்கு முந்தையது. அந்த நாட்டு ராஜா சண்டைக்காகக் கட்டச் சொன்னது. ராஜாவோ ஊரில் இல்லை, வேறு தேசத்தில் சண்டையில் இருந்தார். அங்கிருந்தே உத்தரவு வந்துகொண்டிருக்கும். சீக்கிரம் கட்டு. பீரங்கி நிறைய வை. ஒரு தட்டு போதாது, மேலே இன்னொரு தட்டிலும் வை. கட்டிக்கொண்டிருந்த பெரிய ஆசாரி பாதியில் நோய் வந்து செத்துப்போனார். மற்றவர்கள் கட்டி முடித்தார்கள். பின்பக்கத்தை வீடு மாதிரி உயரமாக எழுப்பினார்கள். சிங்கம் செதுக்கினார்கள், ராஜாக்கள் செதுக்கினார்கள், கண்ணைப் பறிக்கிற சாயம் பூசினார்கள்.

"நம்ம பெரிய தேரைத் தூக்கித் தண்ணியில விட்ட மாதிரிக்கா. அழகுன்னா அழகு. ஆனா ஒயரம் ஜாஸ்தி, அகலம் கம்மி."

கப்பல் நிமிர்ந்து நிற்க அடிவயிற்றில் கல் போடுவார்கள். போட்டார்கள். அதற்கு மேல் போட இடமில்லை. புறப்படுவதற்கு முன் ஒரு சோதனை செய்தார்கள். முப்பது ஆட்களை மேல்தட்டில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடவிட்டார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் கவிழ்ந்துவிடுகிற மாதிரி ஆடியது. பார்த்துக்கொண்டிருந்த கடற்படைத் தலைவர் 'போதும், நிறுத்து' என்றார். அதோடு சரி. யாரும் ராஜாவுக்கு எழுதாமலே கப்பல் கிளம்பியது, கரை கண்ணில் படுகிற தூரத்திலேயே கவிழ்ந்து முழுகியது.

இந்த இடத்துக்கு வரும்போது அவனுக்கு முகமெல்லாம் சிவந்துவிடும்.

"தெரிஞ்சி போச்சுக்கா! அத்தினி பேருக்கும் தெரிஞ்சி போச்சு. கட்டினவனுக்குத் தெரியும், ஓடினவனுக்குத் தெரியும், நிறுத்துன்னு சொன்னானே அந்தப் படுபாவி, அவனுக்கும் தெரியும். ஒருத்தன் வாயைத் தொறக்கல பாரு!"

என் மேஜையைத் தட்டுவான். பேனா உருண்டு விழும். சரியாக அந்த நேரம் பார்த்து மஸ்கட்டிலிருந்து போன் வரும். நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டு பேசுவான், அண்ணன் எதிரில் வந்துவிட்டதைப் போல. "சரிண்ணா. சரிண்ணா. போட்டுடலாம்ணா. சரிண்ணா."

அப்படித்தான் அந்தக் கட்டடம் வளர்ந்தது. கீழே கடை, மேலே ஒரு வீடு என்பதுதான் முதல் பிளான். ஏரி ஓரத்து நிலம், கிராவல் கொட்டி மட்டமாக்கிய இடம், அதற்கு அதுவே அதிகம். பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்து ரூம் கிடைக்காமல் ஜனங்கள் அலைகிற வீடியோவை அண்ணன் போனில் பார்த்தார். இன்னொரு மாடி போடு, ரூம் விடலாம் என்றார். அதன் மேல் இன்னொன்று. மொட்டை மாடியில் மலைப் பக்கமாக ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. இன்ஜினியர் ஒரு தடவை தலையைச் சொறிந்தார். "உங்க அண்ணனுக்கு ஓகேன்னா எனக்கு ஓகே" என்று சொல்லிவிட்டுப் போனார். மேஸ்திரியும் அதையே சொன்னார்.

அண்ணன் கெட்டவர் இல்லை. அதுதான் கொடுமையே. அப்பா செத்தபோது இவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அண்ணன் அந்த வருஷமே விமானம் ஏறினவர். இவனுக்கு ஆட்டோ வாங்கித் தந்தது, கல்யாணம் பண்ணி வைத்தது எல்லாம் அவர். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார், சர்க்கரை, காலில் வீக்கம், அந்த ஊர் வெயிலில் நிற்க முடியவில்லை. ரூம்களுக்கு ஆள் வர ஆரம்பித்துவிட்டால் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். தை மாதம் வருவதாக இருந்தார். இரண்டாவது மாடியில் அவருக்கென்று ஒரு அறை, மலை தெரிகிற ஜன்னலோடு. அந்த ஜன்னல் இப்போது சாத்தினால் சாத்திக்கொள்ளவில்லை.

"அவரு வர்றதுக்குத்தானேக்கா இது" என்றான் ஒருநாள். "சாயுதுண்ணான்னு எப்படிச் சொல்றது? நீ வராதேண்ணான்னு சொல்ற மாதிரி இல்ல?"



அந்தக் கப்பல் முழுகிய பிறகு தூரதேசத்து ராஜாவுக்குக் கடிதம் போனதாம். அதுதான் அவன் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. "நீ மனு எழுதறவ தானேக்கா. அந்த லெட்டரை நீ எழுதறதா இருந்தா மொத வரி இன்னான்னு போடுவ?"

"ஐயா, வணக்கம்னு போடுவேன்."

அவன் சிரிக்கவில்லை. "அதுக்கப்புறம்?"



மழை பிடித்துக்கொண்டது. பின்பக்கத்து மண் இறங்கியது. என் கடைச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் அவன் பேசிக்கொண்டிருந்த போனைப் பிடுங்கி நானே சொன்னேன். "சார், பின்னாடி மண்ணு சரியுது. சுவரெல்லாம் விட்டுக்கினு வருது. வந்து பாருங்க, இல்ல யாரையாவது அனுப்புங்க."

அவர் சிரித்தார். "ஏம்மா, வாடகை ஏத்திடுவேன்னு பயமா? தம்பிகிட்ட குடு."

கொடுத்தேன். ஸ்பீக்கரில்தான் இருந்தது. "இன்னாடா, அந்தம்மா சொல்றது நெஜமா?"

என் எதிரில் நிற்கிறான். விரிசல் அவன் முதுகுக்குப் பின்னால். சொல்லிவிடுவான், இதோ சொல்லிவிடுவான் என்று நான் அவன் வாயையே பார்த்தேன்.

"லேசா பூச்சு விட்டிருக்குண்ணா. பூசிடலாம்ணா."

"பூசிடு."

"சரிண்ணா."

ஸ்டேப்ளரை எடுத்து எறிந்திருப்பேன். "நீயும் உன் கப்பலும்! அந்தப் படுபாவி வாயைத் தொறக்கலன்னு இனிமே என் மேஜையைத் தட்டின, கையை ஒடிச்சிடுவேன்" என்று கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். அன்றைக்கே அந்தப் பகுதியில் வேறு கடை தேட ஆரம்பித்தேன். கார்த்திகை தீபம் முடிகிற வரை எங்கேயும் இடம் கிடைக்கிற மாதிரி தெரியவில்லை.

வாயால் சொல்ல முடியாததை அவன் கையால் செய்தான். அண்ணனிடம் அவன் சொந்தமாக வைத்த ஒரே யோசனை அதுதான் என்று நினைக்கிறேன். "அண்ணா, ரோட்டுப் பக்கம் கைப்பிடிச் சுவர் மேல சிங்கம் ரெண்டு வச்சா எடுப்பா இருக்கும்ணா." அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "ரெண்டு இன்னாடா, நாலா வை!" நான்கு சிமெண்ட் சிங்கங்கள் வந்தன, கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். மலைப் பக்கம் சாய்கிற கட்டடத்துக்கு ரோட்டுப் பக்கம் பாரம்.

"பாரத்த மேல ஏத்தினா நிக்குமாடா? கப்பலுக்குக் கல்லை அடியிலதானே போட்டாங்கன்னு நீதானே சொன்ன?"

"அடியில எடமில்லையேக்கா" என்றான். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அடுத்த நிமிஷமே திரும்பி வந்தது, அது வேறு விஷயம்.

தீபத்தன்று மொட்டை மாடியை பெங்களூரு பஸ் கூட்டம் ஒன்றுக்குப் பேசி விட்டிருந்தார் அண்ணன், மஸ்கட்டில் இருந்துகொண்டே. எங்கள் ஊரில் அன்றைக்கு மலை தெரிகிற மொட்டை மாடி கோவிலுக்குச் சமானம். அன்று காலையிலிருந்து இவன் ரோட்டுப் பக்கம் தண்ணீர் டிரம்களை வரிசையாக வைத்து நிரப்பினான். மணல் மூட்டை அடுக்கினான். சாயங்காலம் என் கடைக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, ஒரு ஒத்தாச. தீபம் ஏத்தற நேரத்துல நீ ரோட்டுப் பக்கம் வந்து நிக்கணும். இவளும் நிக்கறா. எதிர் டீக்கடைக்காரரையும் கூப்பிட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"அவங்க எல்லாரும் மலைப் பக்கம்தானேக்கா நிப்பாங்க."

கப்பலுக்குப் போட்ட கல் மாதிரி எங்களைக் கேட்கிறான் இவன். "கூட்டத்தை ஏத்தாதேடா. கதவைப் பூட்டு. சாவி தொலைஞ்சிடுச்சுன்னு சொல்லு" என்றேன்.

"அண்ணன் வீடியோல பாப்பாருக்கா."

அவன் பெண்டாட்டியையாவது கீழே இழுத்து வரலாம் என்றுதான் நான் மாடி ஏறினேன். அவள் டிரம்களுக்கு நடுவில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். "அவரை வுட்டுட்டு நான் எப்படிக்கா வர்றது?" என்றாள். அவள் கையை விட எனக்கும் மனசு வரவில்லை. டீக்கடைக்காரர் வரவில்லை, புத்திசாலி.

தூறல் நின்றிருந்தது. மாடி முழுக்க ஜனம், தோளில் குழந்தைகள், கையில் போன்கள். அவன் நடுவில் நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். போனில் அண்ணன் நெற்றி நிறைய விபூதியோடு.

மலை உச்சியில் நெருப்பு தெரிந்தது. அவ்வளவுதான். "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று ஊரே கத்தியது. அத்தனை பேரும் ஒரே மூச்சில் மலைப் பக்கக் கைப்பிடிச் சுவரை நோக்கி நகர்ந்தார்கள். என் காலுக்கடியில் தரை ஒரு தடவை உதறியது. பக்கத்து டிரம்மில் விளிம்பு வரை நின்ற தண்ணீர் மலைப் பக்கமாக வழிந்து கொட்டியது. நான் அவனைப் பார்த்தேன். அவன் டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போனை வாய்க்கருகே கொண்டுபோனான். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னான். நான் என் காதால் கேட்டேன்.

"அண்ணா, சரியுதுண்ணா."

அரோகரா சத்தம். "சரி, சரி, நெருப்பைக் காட்டுடா!" என்றார் அண்ணன்.

"அண்ணா, சரியுதுண்ணா!"

"சரின்னா காட்டேண்டா! மலையே தெரியல!"

மூன்றாவது தடவையும் சொன்னான். குரல் உடைந்துவிட்டது. சம்மதம் சொல்வதற்கும் சாய்வதற்கும் ஒரே சொல்லை வைத்த தமிழை அன்றைக்கு நான் சபித்தேன்.

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கூட்டத்தின் பின்னால் போய் நின்று கத்தப்போகிறான் என்று நினைத்தேன். வீடு விழுகிறது, ஓடுங்கள் என்று. அப்படிக் கத்தியிருந்தால் அந்த ஒற்றைப் படிக்கட்டில் எத்தனை பேர் மிதிபட்டிருப்பார்கள் என்று இப்போது நினைத்தாலும் நடுங்குகிறது. அவனுக்குக் கெட்ட செய்தி சொல்ல வராது. அந்த நேரத்திலும் வரவில்லை.

"கீழ பிரசாதம் குடுக்கறாங்க! நெய்ப் பொங்கல்! கொஞ்சம்தான் கீது, மெதுவா, வரிசையா எறங்குங்க!"

சிரித்த முகத்தோடு சொன்னான். ஓரத்தில் நின்ற பாட்டிகளும் குழந்தைகளும் முதலில் நகர்ந்தார்கள். அப்புறம் ஆம்பிளைகள். படிக்கட்டுத் தலைப்பில் நின்று ஒவ்வொருவரையாகக் கைபிடித்து இறக்கினான். "மெதுவா, மெதுவா. எல்லாருக்கும் உண்டு." நானும் அவன் பெண்டாட்டியும் இறங்கினோம். அவன் கடைசியாக வந்தான். கட்டடம் பின்னால் சாய்ந்ததில் கடைசிப் படி தரையை விட்டு எழும்பியிருந்தது, அவன் கால் தரையில் படாமல் தடுமாறி விழுந்தான்.

தெருவில் கூட்டம் அவனைச் சூழ்ந்துகொண்டது. "எங்கய்யா பொங்கல்? தீபத்தைப் பாக்கவுடாம எறக்கிட்டியே, ஏமாத்துக்காரா!" ஒருவர் சட்டையைப் பிடித்தார். "சரிங்க, சரிங்க" என்று கும்பிட்டுக்கொண்டே எல்லாரையும் எதிர்ச் சாரிக்கு நகர்த்திக்கொண்டு போனான். அப்போதுதான் பின்பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. தண்ணீர்த் தொட்டியும் மலைப் பக்கத்து அறைகளும் பின்னாலிருந்த காலி நிலத்துக்குள் இறங்கின. முன்பக்கம் அப்படியே ஒருக்களித்து நின்றது. அந்த அதிர்வில் சிங்கங்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து வாசலில் நின்ற ஆட்டோ மேல் விழுந்தன. சட்டையைப் பிடித்தவர் கையை எடுத்துவிட்டார்.

சட்டைப்பைக்குள்ளிருந்து குரல் வந்தது. "டேய், தம்பி, இன்னாடா சத்தம்?"

"ஒண்ணுமில்லண்ணா" என்றான். "வெடிண்ணா."

அண்ணன் ஊருக்கு வந்தார். தை வரை காத்திருக்கவில்லை. ஜேசிபி மிச்சத்தை இடித்துத் தள்ளியிருந்தது. இன்ஜினியரை வரச் சொல்லிக் கேட்டார். "நீங்க சொன்னதைத்தான் சார் போட்டேன்." மேஸ்திரியைக் கேட்டார். "நீங்க சொன்னதுதாங்க." அந்தக் கப்பல் முழுகிய பிறகும் விசாரணை நடந்ததாம். ராஜா சொன்ன அளவுதான் என்று எல்லாரும் சொன்னார்களாம். பின்னே யார் தப்பு என்றதற்கு, அது ஆண்டவனுக்குத்தான் தெரியும் என்று ஒருவர் சொல்லி, யாருக்கும் தண்டனை இல்லாமலே முடிந்ததாம். அவன்தான் எனக்குச் சொன்னது.

கடைசியாகத் தம்பியைப் பார்த்தார். "நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னேண்ணா. சரியுதுண்ணான்னு மூணு தடவ சொன்னேன்."

"எனக்கு சரிண்ணான்னுதாண்டா கேட்டுச்சு."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. உடைந்து கிடந்த சிங்கம் ஒன்றின் முதுகில் உட்கார்ந்தார். செருப்புக்குள் அடங்காமல் பாதம் வீங்கியிருந்தது. மலையைப் பார்த்தார்.

"திரும்ப அங்கயே போயிடறேண்டா" என்றார். "இன்னும் கொஞ்ச வருஷம் பாக்கறேன். வேற இன்னா பண்றது?"

சொல்லிவிட்டுத் தம்பியின் முகத்தையே பார்த்தார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவன் பெண்டாட்டிக்கும் தெரிந்தது, முழங்கையால் அவனை இடித்தாள். வேணாம்ணா. இருக்கிறதை வச்சுப் பொழச்சிக்கலாம்ணா. இங்கயே இருண்ணா. சொல்லேண்டா பாவி, இந்த ஒரு தடவையாவது சொல்லித் தொலையேண்டா என்று நான் உள்ளுக்குள் கதறினேன்.

அவன் நிமிர்ந்தான். மீசை பழையபடி வளர்ந்திருந்தது.

"சரிண்ணா" என்றான்.